தாளில் வந்தது, சுவருக்கு வரவில்லை

தரங்கம்பாடியைப் படமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர் வடக்கு ஐரோப்பாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் தீட்டிய, இந்த ஊர் டேன்ஸ்போர்க் கோட்டையின் ஓவியம் ஒன்று சுவீடனில் ஸ்கோக்லாஸ்டர் மாளிகையில் இருக்கிறது. 1788 முதல் 1806 வரை இங்கே டேனிஷ் கவர்னராக இருந்த பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர். கணக்கு வழக்கைவிடப் படம் வரைவதில்தான் அவருக்கு மனம் நின்றிருக்கும் என்பது என் ஊகம். அவர் வரைந்த தென்னிந்தியக் காட்சிகள் ஓஸ்லோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கிருந்து பாதிரியார்கள் அனுப்பிய ஓலைச்சுவடிகள் ஜெர்மனியில், ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தில். 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில்.

ஊரில் என்ன இருக்கிறது? கோட்டைக்குள் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகம். பீங்கான் தட்டு, சீனத்துத் தேயிலைச் சாடி, வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டு, சுடுமண் பொம்மை, சுதைச் சிற்பம், ஒரு திமிங்கிலத்தின் எலும்பு. பார்க்கத் தகுந்த சாமான்கள்தான். மணி அடித்துவிட்டதென்று விரட்டாவிட்டால் ஒரு மணி நேரம் தாராளமாக நிற்கலாம். ஆனால் கதை 1845-இல் நின்றுவிடுகிறது. அந்த வருஷம் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை, ஒரு கோடும் இழுக்கவில்லை என்று கண்ணாடிப் பெட்டிகள் சொல்வதுபோல் இருக்கிறது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தரங்கம்பாடிக்கு வெளியிலிருந்து நிறைய அக்கறை வந்தது. கோட்டையைப் பழுதுபார்க்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சுனாமிக்குப் பின் தெருக்களும் வீடுகளும் கவனத்துக்கு வந்தன. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு, தமிழ்நாடு அரசு எல்லாம் கைகொடுத்தன. பழைய கவர்னர் பங்களாவும் பொற்கொல்லர் தெரு வீடுகள் சிலவும் மறுபடி நிமிர்ந்தன. பாதிரியார் சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. கப்பல் வரலாறு சொல்ல ஒரு கூடம் தனியாக இருக்கிறது. இவற்றையெல்லாம் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மெட்ராஸ் ஒட்டுக் கூரை எப்படிப் போடுவது, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைப்பது எப்படி என்று தெரிந்த கொத்தனார்களைத் தேடிப் பிடித்து வேலை வாங்குவது சாதாரணக் காரியமில்லை. ஆனாலும் 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து ராஜா தெருவில் கடலை நோக்கி நடக்கும்போது, இறந்தகாலத்தைப் பார்க்க மட்டும் கூட்டி வந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எழுகிறது. கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கிறார்கள். சினிமாக்காரர்கள் வருகிறார்கள். ஓசோன் காற்று என்று சொல்லி நெஞ்சு விரிய மூச்சிழுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த ஓசோன் சமாசாரத்தை யார் கிளப்பிவிட்டார்களோ, நன்றாக இருக்கட்டும். நிகழ்காலம் என்பது கோட்டைக்குப் பக்கத்திலேயே வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இந்தக் கட்டடங்களில் ஒரு சுவர்கூடக் கிடையாது.

சுவர் என்று சொல்வதை அப்படியே சொல்கிறேன். நவீன ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பொதுமக்கள் உள்ளே வந்து பார்க்கிற ஒரு காட்சிக்கூடம் எனக்குத் தெரிந்து காவிரி டெல்டாவில் எங்கும் இல்லை. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் வெண்கலம் இருக்கிறது, உலகமே வந்து பார்க்கிறது. திருவெண்காட்டில் கிடைத்த, 1011-இல் வார்த்த ரிஷபவாகனர் அங்கேதான் காளையின்மேல் சாய்ந்த பாவனையில் நிற்கிறார், காளையைக் காணோம். அதற்கு மேல் கேட்டால் பேராசை என்பார்கள். கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. வருஷா வருஷம் பையன்களும் பெண்களும் ஓவியம், சிற்பம் படித்து வெளியே வருகிறார்கள். அப்படி வந்த ஒருவரிடம் படங்களையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “சுருட்டிப் பரண்ல போட்டுடுவோம் சார். மெட்ராஸுக்குத் தூக்கிட்டுப் போற செலவுக்குப் புதுசாவே ஒண்ணு வரைஞ்சுடலாம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இத்தனைக்கும் நவீன ஓவியம் இந்தப் பக்கத்துக்கு அந்நியச் சரக்கு கிடையாது. அது வந்த வழிதான் வேறு. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் சென்னை ஓவியர்களும் புதுக்கவிதைக்காரர்களும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்தவர்கள். சேலத்திலிருந்து ‘நடை’ 1968-இலும் சென்னையிலிருந்து ‘கசடதபற’ 1970-இலும் வந்த சிற்றிதழ்கள். அந்தக் கூட்டத்தில் கவிஞர் ஞானக்கூத்தன் மாயவரம் திருஇந்தளூர்க்காரர். ந. முத்துசாமி, செம்பனார்கோயிலுக்குப் பக்கத்தில் புஞ்சை. தரங்கம்பாடியிலிருந்து சைக்கிளில் போய்விட்டு வரலாம். பின்னாளில், 1977-இல், கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர். கும்பகோணத்துப் பக்கம் உடையாளூர்க்காரரான விமர்சகர் வெங்கட் சாமிநாதன், எழுத்தாளர்கள் எழுத்தோடு நின்றுவிடக் கூடாது, ஓவியத்தையும் சிற்பத்தையும் பார்க்கத் தெரிய வேண்டும் என்று ஆயுள் முழுக்கச் சண்டை போட்டார். ஓவியர்கள் பக்கம் ஆதிமூலம் துறையூருக்குப் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர், அதுவும் காவிரிச் சீமையை ஒட்டிய ஊர்தான். பாஸ்கரன், தட்சிணாமூர்த்தி என்று வரிசை நீளும். இவர்கள் அட்டைப்படம் போட்டார்கள், தலைப்பெழுத்து வரைந்தார்கள், கவிதைக்குப் பக்கத்தில் கோட்டோவியம் தந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு என்று நினைக்க வேண்டாம். இதழ்களிடம் காசு எங்கே இருந்தது?

திருவாரூரிலோ மன்னார்குடியிலோ இருந்த ஒரு வாசகன் நவீன ஓவியத்தை முதன்முதலில் பார்த்தது அந்தத் தாளில்தான். தபாலில், ஸ்டாம்பு ஒட்டி, மடித்து வந்த தாள். சில நூறு பிரதி அடித்திருந்தால் அதிகம். நம்முடைய முதல் நவீன ஓவியக் கூடம் அந்தச் சிற்றிதழ்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய்க்கும் கீழே.

தாள் என்ற இந்த வாகனத்தை யோசிக்கத் தரங்கம்பாடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தமிழ் அச்சு இங்கே பிறக்கவில்லை. 1578-இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. ஆனால் விட்டுவிடாமல், வேலையாக, தினப்படிக் காரியமாக அச்சு நடந்தது இங்கேதான். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சாவும் வந்து இறங்கினார்கள். சில வருஷத்தில் அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் தின்றது. சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். காகிதத் தட்டுப்பாடு வந்ததும் பொறையாரில் காகிதப் பட்டறையே போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பேர் அந்த இடத்துக்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்தின் அளவைக் காகிதம் தீர்மானித்தது, காகிதத்தின் விலை எழுத்தை மாற்றியது. அச்சுக்கு எப்போதும் அப்படி ஒரு அதிகாரம் உண்டு.

எழுபதுகளில் அதே அதிகாரம் ஓவியத்தின்மேல் வேலை செய்தது. லெட்டர்பிரஸ் காலம். படம் போட வேண்டுமென்றால் துத்தநாகத்தில் பிளாக் எடுக்க வேண்டும். கோடு மட்டும் உள்ள படத்துக்கு லைன் பிளாக், மலிவு, எந்தக் காகிதத்திலும் விழும். நிழலும் சாயலும் உள்ள படத்துக்குப் புள்ளி புள்ளியாக ஹாஃப்டோன் பிளாக், விலை கூடுதல், மட்டக் காகிதத்தில் அடித்தால் சேறு. வண்ணம் என்றால் நான்கு பிளாக், நான்கு ஓட்டு. சிற்றிதழால் அந்தப் பக்கமே போக முடியாது. ஆகவே கோடு வந்தது. வண்ணம் வரவில்லை. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்தியை நாம் அறிவோம். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் போட்ட மனிதர்களை அறிவோம். அதே ஆதிமூலம் பின்னாளில் மனித உருவத்தையே விட்டுவிட்டு, ஆளுயரத் துணியில் எண்ணெய் வண்ணத்தைக் குழைத்துக் குழைத்து நிலவெளி போல ஒன்றைப் பல ஆண்டு தீட்டினார் என்பது எத்தனை தமிழ் வாசகருக்குத் தெரியும்? கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களில் ஜாதகக் கட்டமும் கணக்கும் வாசிக்க முடியாத எழுத்துமாகக் கிடக்கும். அதைத் தபால் அட்டை அளவில் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் யாரோ கிறுக்கிய நோட்டுப் புத்தகம். நேரில் நின்றால்தான் அந்த மஞ்சளும் பழுப்பும் எழுத்தை எப்படித் தூக்கிப் பிடிக்கின்றன என்பது தெரியும். நம்முடைய ரசனை கோட்டின் ரசனையாக ஆனதற்குச் சென்னை ஓவியப் பள்ளியின் கோட்டு மோகம் பாதிக் காரணம். மீதிப் பாதி, அச்சகத்துக்காரர் கொடுத்த பில்.

சிற்பத்தின் கதி இன்னும் மோசம். ஜானகிராம், நந்தகோபால், வித்யாசங்கர் ஸ்தபதி ஆகியோர் செம்புத் தகட்டை அடித்து, ஒட்டி, முன்பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு சிற்ப வகையை உண்டாக்கினார்கள். கோயில் கவசமும் உற்சவர் பிரபையும் அந்தத் தகட்டுக்குள் இருக்கின்றன. வித்யாசங்கர் ஸ்தபதி குடும்பத்துப் பிள்ளை, கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றியவர். டெல்டாவிலிருந்து கிளம்பிய ஒரு கலையை டெல்டாக்காரர் பார்க்கச் சென்னைக்கோ டில்லிக்கோ போக வேண்டியிருக்கிறது. தகட்டில் வெளிச்சம் ஊர்வதை எந்த பிளாக்கும் காட்டாது.

சென்னையிலும் நிலைமை அமோகம் என்று சொல்ல முடியாது. தேசிய நவீனக் கலைக்கூடம் டில்லியில் 1954-இல் வந்தது, மும்பையில் 1996-இல், பெங்களூரில் 2009-இல். சென்னைக்கு இன்னும் வரவில்லை. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் சிவப்புக் கட்டடத்துக் கலைக்கூடம் பழுதாகி நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி உண்டு, கண்காட்சி நடக்கும்போது போகலாம். சென்னை இயக்கத்தின் படங்களை ஒரே இடத்தில் நிரந்தரமாகப் பார்க்க ஈஞ்சம்பாக்கம் போக வேண்டும். சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-இல் பாத்திக் துணி விற்ற காசில் ஓவியர்களே மணல் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர். அங்கே 2009-இல் திறந்த கூடமும் அவர்கள் சொந்த முயற்சிதான். அரசு செய்ய வேண்டியதை ஓவியர்கள் செய்தார்கள். நாம் கைதட்டினோம்.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். எர்ணாகுளம் தர்பார் ஹால் தொடங்கிக் கோழிக்கோடு வரை கேரள லலித கலா அகாடமிக்கு ஊர் ஊராகக் காட்சிக்கூடங்கள் உண்டு. 2012 டிசம்பர் 12 அன்று ஃபோர்ட் கொச்சியில் பினாலே கலைத் திருவிழா தொடங்கியபோது, அந்தத் தரையில் கால் ஏற்கெனவே பழகியிருந்தது. மிளகும் தென்னை நாரும் கிடந்த ஆஸ்பின்வால் கிடங்கில் படம் மாட்டினார்கள். தரங்கம்பாடிக்கும் கொச்சிக்கும் கட்டடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தடித்த சுவர், உயர்ந்த கூரை, கடலைப் பார்த்த ஜன்னல், ஐரோப்பியக் கம்பெனி விட்டுப்போன காலி அறை. டில்லி, மும்பை, பெங்களூர் கூடங்கள் மூன்றும்கூட வேறு காரியத்துக்குக் கட்டியவைதாம். ஒன்று ஜெய்ப்பூர் ராஜா வீடு, ஒன்று பொதுக்கூட்ட மண்டபம், ஒன்று மாளிகை. புதிதாகக் கோடிகள் கொட்டிக் கட்ட வேண்டும் என்பதே இல்லை.

கொச்சியைத் தூக்கிவந்து இங்கே வைக்கச் சொல்லவில்லை. திருவிழா வந்து போகும். போன பிறகு ஊரில் என்ன மிச்சம் என்ற கேள்வி கொச்சியிலும் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரு அறை. நிரந்தரமான ஒரு அறை.

கடற்கரையில் ஓவியமா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். உப்புக் காற்று காகிதத்தைத் தின்னும். ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும், துணியில் பூசணம் பூக்கும். ஆகவே மூலக் கோட்டோவியங்களை நிரந்தரமாக இங்கே மாட்டக் கூடாது, மாசி முதல் ஆனி வரை ஒரு தவணை கொண்டுவந்து வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். செம்புத் தகடு களிம்பு ஏறும், ஆனால் துடைத்துப் பராமரிக்கலாம். வெண்கலமும் கருங்கல்லும் சுடுமண்ணும் இந்த ஊருக்கு அஞ்சாது. முற்றத்தில் வைக்கலாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து மூச்சை அடைத்துவிடாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பதிப்போவியங்களை இங்கேயே அச்சிட ஒரு சின்னக் கையச்சு இயந்திரம் வைத்தால், கும்பகோணத்துப் பிள்ளைகள் வந்து தங்கி வேலை செய்யலாம். அச்சு மணம் இந்த ஊருக்குப் புதிதா என்ன?

யாருக்காக இந்தக் கூடம் என்பதுதான் கடினமான கேள்வி. கலைக்கூடங்களின் வாசலில் ஒரு பார்வை நிற்கும், கவனித்திருப்பீர்கள். வாட்ச்மேன் பார்வை என்று சொல்லிவிட முடியாது, அவரும் பாவம். உடுப்பையும் செருப்பையும் அளந்து, நீ எதற்கு இங்கே என்று கேட்கிற அந்தக் கட்டடத்தின் பார்வை. மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மா உள்ளே வந்து, வெயில் தாழும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே இருக்கிற படத்தைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்துவிட்டுப் போகலாம் என்றால் அது பொதுக்கூடம். இல்லையென்றால் அது இன்னொரு ஹோட்டல் வராந்தா. மக்களுக்கு நவீன ஓவியம் புரியாது என்று சொல்வதைப் பாதி சோம்பேறித்தனம், பாதி மேட்டிமை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கோயில் விதானத்தை அண்ணாந்து பார்த்து, புரிந்ததைப் புரிந்துகொண்டு, மீதியை விட்டுவிட்டு நடக்கிற பழக்கம் இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃப்ளெக்ஸ் வந்து அழிக்கிற வரை மாயவரத்துச் சுவர்களில் கட்சி விளம்பரமும் சினிமா பேனரும் எழுதிய கைகளும் இந்த மக்களுடையவைதாம்.

அதோடு, சுனாமியைப் பற்றி இந்த ஊர் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் வரைந்த படங்கள் எத்தனை வந்து எங்கெல்லாம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆங்கர் வரைந்த தரங்கம்பாடி ஓஸ்லோவில் பத்திரமாக இருக்கிறது. 2004-க்குப் பிறகு தரங்கம்பாடி தன்னைத்தானே வரைந்துகொண்டது எங்கும் தொங்கவில்லை. அருங்காட்சியகம் என்றால் அடுத்தவர் விட்டுப்போனதைக் காப்பாற்றுகிற இடம் என்று நாமே நம்பிவிட்டோம்.

1951-இல் தஞ்சாவூரில் நடந்தது நினைவுக்கு வருகிறது. கரந்தையில் கிடந்த பிரம்மா சிலை ஒன்றை வெளியூர் சேகரிப்பாளர் எடுத்துப் போக வந்தார். ஊர்க்காரர்கள் விடவில்லை. விஷயம் கலெக்டரிடம் போனது. அப்போது கலெக்டராக இருந்த டி.கே. பழனியப்பன் சிலையை வாங்கி வைத்ததோடு நிற்காமல், அரண்மனையில் இடம் பிடித்துக் கலைக்கூடத்தையே தொடங்கிவிட்டார். சுற்றுவட்டத்துச் சிலைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு ஊர் ஒரு சிலையை விட மறுத்ததும், ஒரு அதிகாரி அந்த மறுப்பைக் கேட்டுக்கொண்டதும் சேர்ந்து உண்டாக்கிய இடம் அது. பெரிய திட்ட அறிக்கை ஒன்றும் முன்னால் இருக்கவில்லை.

மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமானது. புது மாவட்டத்துக்குப் புதுக் கலெக்டர் அலுவலகம் உண்டு, புது விளையாட்டரங்கம் கேட்கிறார்கள், கேட்கட்டும். அதோடு கூடத் தரங்கம்பாடியில் பழுதுபார்த்த அரசுக் கட்டடங்களில் ஒரே ஒரு அறையைக் கேட்போம். கும்பகோணம் கல்லூரியின் படங்கள், டெல்டாச் சிற்பிகளின் தகடுகள், ஊர்ப் பிள்ளைகளின் படங்கள், இவற்றோடு ஒரு சுவர் முழுக்கச் சிற்றிதழ் அட்டைகள். வாசகர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ‘நடை’யோ ‘கசடதபற’வோ, அந்தக் காலத்து ஓவியர் ஒருவர் கைப்படப் போட்டுக் கொடுத்த கோட்டோவியமோ, அச்சகத்திலிருந்து திரும்பி வந்த துத்தநாக பிளாக்கோ கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டி, நாப்தலின் உருண்டை இரண்டு போட்டு வையுங்கள். அறை கிடைத்ததும் கேட்டு வருவோம்.